ஒரு காரைச் செஞ்சு காட்டு, பாப்போம்

"கோட்டாவுல வந்தவங்கள்ல ஒருத்தனாவது ஒரு கார் செஞ்சிருக்கானா சார்?" மதியச் சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர் கேட்டார். ஸ்டேப்ளரில் பின் மாட்டவே பியூனைக் கூப்பிடுகிறவர்.

சொன்னேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிரீன்ஃபீல்டு என்று ஒரு சிற்றூர். அடிமைமுறை கோலோச்சிய வர்ஜீனியாவில் 1833இல் பிறந்த சார்லஸ் ரிச்சர்ட் பேட்டர்சன் என்கிற கறுப்பினக் கொல்லர் அங்கே குதிரைவண்டி கட்டினார். 1873இல் வெள்ளைக்காரர் ஒருவரோடு கூட்டு. 1893இல் பட்டறை அவருக்கே சொந்தம். 1915இல் மகன் ஃபிரெடெரிக் அதே பட்டறையிலிருந்து மோட்டார் காரை வெளியே உருட்டினார். ஒரு மாடல் ரோட்ஸ்டர்: ரெண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி, அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். விலை 850 டாலர். எஞ்சின் வெளியே வாங்கியது. கூடு முழுக்க வண்டி கட்டிப் பழகிய கைகளின் வேலை.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் தோழர்களே, பதில் சொன்னதுதான் என் தப்பு. கேள்வியே அயோக்கியத்தனம். தோலைப் பதனிட்டவன், பறைக்கு வார் இழுத்துக் கட்டினவன், மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் அளந்துவிட்டவன், இவனெல்லாம் தெரிஞ்சு வச்சிருந்தது அறிவில்லாமல் என்னவாம்? அந்த அறிவுக்குத் தீட்டு என்று பேர் வைத்துக் கணக்கிலிருந்து கழித்தவனே இன்றைக்கு வந்து 'தகுதி, திறமை' என்று ரசீது கேட்கிறான்.

பேட்டர்சன் கார் நிலைக்கவில்லை. திறமை குறைவாலா? ஃபோர்டு 1913இலேயே நகரும் உற்பத்தித் தொடரைப் போட்டுவிட்டார். 1916இல் அவருடைய டி மாடல் 850 டாலரில் பாதிக்கும் கீழே விற்றது. கைக்கும் மூலதனத்துக்கும் நடந்த சண்டை அது. கடன் விண்ணப்பங்களைப் புரட்டுகிறவன் நான். சொத்து ஜாமீனுக்குக் கட்டம் இருக்கிறது, கைவேலைக்குக் கட்டம் கிடையாது. பேட்டர்சன் கம்பெனி பஸ், லாரிக் கூடு கட்டப் போய், 1939இல் மூடியது. அந்தக் கார்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2021இல்தான் அப்பனுக்கும் மகனுக்கும் வாகனத் துறைப் புகழ்மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள்.

நாமும் லேசுப்பட்டவர்களில்லை. 'முதல் கறுப்பினக் கார் முதலாளி' என்று பெட்டிச்செய்தி போட்டுப் பூரிக்கிறோம். அந்தப் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்களின் பேர் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

அடுத்த தடவை கேட்டால் பேட்டர்சன் கதை சொல்ல மாட்டேன். "உங்க தாத்தா கையால என்ன சார் செஞ்சார்?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டைத் தொடர்வேன்.