இல்லற விளக்கு: தாய்ப்பால் பெருக வழி

"பால் போதவில்லை" என்னும் சொல், பிள்ளை பெற்ற பல வீடுகளில் பத்து நாளைக்குள் எழுந்துவிடுகிறது. குழந்தை அழுகிறது, மாமியாரின் முகம் வாடுகிறது, கடையிலிருந்து பால்மாவு டப்பா வந்து சேர்கிறது. அதன் பின்னர் உண்மையாகவே பால் குறைந்துவிடுகிறது. இதன் காரணத்தை நம் சகோதரிகளும், அவர்களைவிட முக்கியமாக நம் சகோதரர்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூரைச் சுற்றி மாடு வைத்துப் பிழைப்போர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. கன்று முட்டினால் பசு பாலை இறக்கும். கறக்காமல் மடியிலேயே விட்டால் நாளடைவில் பால் வற்றும். மனிதத் தாய்க்கும் இறைவன் இவ்வாறே அமைத்திருக்கிறான். குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்னும் ஹார்மோன் பாலை ஊறச் செய்கிறது. ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் அதனை இறக்கிவிடுகிறது. மார்பு காலியாகக் காலியாகப் புதுப்பால் ஊறும். ஒரு வேளை புட்டிப்பால் புகட்டினால் அந்த அளவுக்குத் தாயிடம் சுரப்பும் தளரும்.

ஆகவே அடிக்கடி பாலூட்டுவதே பால் பெருக முதல் வழி. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கிவிட வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பேரிழப்பாகும். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டா. தேன் ஒரு வயது நிறையும்வரை ஆகாது. இரவும் பகலுமாக 8 முதல் 12 முறை ஊட்ட வேண்டும். புரோலாக்டின் இரவில் மிகுதியாகச் சுரப்பதால் இரவுப் பாலைத் தவறவிடலாகாது. குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் கொள்ள வேண்டும்.

அழுகை ஒன்றே அளவுகோலன்று. ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டி வளருமாயின் பால் போதுகிறது என்றே பொருள்.

பூண்டு, வெந்தயக் களி, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை ஆகியன தாயின் உடலைத் தேற்றும் நல்லுணவுகள். ஆயினும் குழந்தையை மார்பில் இடாமல் இவற்றை மட்டும் நம்பிப் பயனில்லை. பத்தியம் என்று சோற்றையும் தண்ணீரையும் குறைப்பதோ கேடு. முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாள்தோறும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பரிந்துரை.

முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு ஈராண்டு என அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் வரையறுப்பதைப் பலரும் அறிவர். அதே வசனம், அத்தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் பொறுப்பாக்கியிருப்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? நாளொன்றுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி என்றால் ஐந்து மணி நேரம் ஆகிறது. அடுப்பும் துணி துவைப்பும் அவள் தலைமேலேயே இருந்தால் அந்நேரம் எங்கிருந்து வரும்? உறவினர் நிறைந்த வீட்டில் மறைவிடம் இல்லையெனில் நாணமுள்ள பெண் பாலூட்டுவதைத் தள்ளிப்போடுவாள். கவலையும் வலியும் ஆக்ஸிடோசினைத் தடுக்கும். "உனக்குப் பால் இல்லை" என்னும் ஏச்சே பாலுக்கு அணை போட்டுவிடும்.

ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலைக்குச் செல்லும் தாய்மார் தம் உரிமையை அறிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தகுதியுள்ள பெண்ணுக்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு உண்டு. பணிக்குத் திரும்பியபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகளும் உண்டு. குழந்தையைப் பிரிந்திருக்கும் வேளையில் மூன்று மணிக்கொரு முறை பாலைப் பீய்ச்சி எடுத்தால் சுரப்பு குன்றாது.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்குப் பால் குறைவதுண்டு. தைராய்டு கோளாறும், பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கும் காரணமாகலாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், எடை ஏறாவிட்டாலும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தகைய தாயைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. வேறொரு பெண் பாலூட்டுவதையும் அதே வசனம் அனுமதிக்கிறது. நம் நாயகம் (ஸல்) அவர்களே ஹலீமா (ரலி) அவர்களிடம் பாலருந்தி வளர்ந்தவர்கள் அல்லவா?

சகோதரர்களே! மனைவிக்கு லேகியம் வாங்கித் தந்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. நள்ளிரவில் குழந்தை அழும்போது எழுந்து, அதைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்து, அவளுக்கு ஒரு குவளை தண்ணீரும் எடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், பால்மாவு டப்பாவுக்கு உங்கள் வீட்டில் வேலை இராது.