எஸ்எஸ்டி போடும் முன் ஒரு கால் போட்டுப் பாருங்கள்

"வீடியோ கால் சிக்கிச் சிக்கி வருது, என்னன்னு பாருங்க" என்று பழைய லேப்டாப் ஒன்று கடைக்கு வந்தால், திறந்து பார்ப்பதற்கு முன்பே நம்மிடம் பதில் தயார். எஸ்எஸ்டி போட்டுடலாம், ராம் ஒண்ணு கூட்டிடலாம், ஃபார்மட் பண்ணி விண்டோஸ் புதுசா ஏத்திடலாம். மூன்றுமே நல்ல வேலைதான். பூட் ஆகும் வேகத்தைப் பார்த்து வாடிக்கையாளர் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். அன்று இரவு வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிடும்போது படம் பழையபடியே உறைந்து நிற்கும்.

யூடியூபில் படம் தடங்கலின்றி ஓடும் மெஷின் காலில் மட்டும் ஏன் திணறுகிறது? யூடியூபில் அதற்கு ஒரே வேலை: ஏற்கெனவே சுருக்கி வைத்த படத்தை விரித்துக் காட்டுவது. சில நொடிகளுக்கான படத்தை முன்கூட்டியே இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். காலில் கேமராப் படத்தை அந்தந்தக் கணமே சுருக்கி அனுப்ப வேண்டும், எதிர்முனைப் படத்தை விரிக்க வேண்டும், எதிரொலியையும் நீக்க வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது ஐடியு ஜி.114 பரிந்துரை. ஆகவே சேமித்து வைத்துச் சமாளிக்க இடமே இல்லை. இதில் டிஸ்க்குக்கு அநேகமாக வேலை கிடையாது. 4 ஜிபி ராம் நிரம்பி பேஜ் ஃபைலுக்கு வழியும்போதுதான் அது குறுக்கே வரும்.

சுமை விழுவது பிராசஸர் மேல். இன்டெலில் 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்தே எச்.264-க்கு சில்லிலேயே தனிச் சுற்று உண்டு. விபி9-ஐ முழுமையாக ஹார்டுவேரில் விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறை. பிரவுசர் வழிக் கால்களில் படத்தைச் சுருக்கும் வேலை பழைய மெஷின்களில் பெரும்பாலும் சாஃப்ட்வேரிலேயே நடக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3-இல் இருக்கும் இரண்டே கோர்கள்தான் இதையும் செய்ய வேண்டும், பின்னணியை மங்கலாக்கும் அலங்காரத்தையும் செய்ய வேண்டும். முதலில் அந்த அலங்காரத்தை நிறுத்துங்கள். செலவில்லாத வைத்தியங்களில் அதற்கே முதலிடம்.

ஃபார்மட் செய்த நம் கையாலேயே ஒரு கோளாறு நுழைவதும் உண்டு. கடையில் நெட் இணைக்காமல் விண்டோஸ் ஏற்றி அனுப்பிய மெஷின்களில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள்; டிஸ்ப்ளே அடாப்டர் வரியில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கும். திரை சரியாகத் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாமல் வீடியோவுக்கான அந்தத் தனிச் சுற்று இருந்தும் பயனில்லை.

எங்கே அடைப்பு என்று ஊகிக்கத் தேவையில்லை. குரோமில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டேபில் வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் பக்கத்தைத் திறந்தால், வெளியே போகும் வீடியோவின் கீழ் 'குவாலிட்டி லிமிட்டேஷன் ரீசன்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'சிபியு' என்றிருந்தால் கோளாறு மெஷினில். 'பேண்ட்வித்' என்றிருந்தால் நெட்டில். நீங்கள் எத்தனை ராம் செருகினாலும் தீராது. 'நன்' என்றிருந்தும் படம் இழுத்தால் கேமராவைச் சந்தேகிக்கலாம். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் பாகம் விற்பதை நான் சர்வீஸ் என்று சொல்லமாட்டேன்.

சோதனைக் கால் 2 நிமிடத்தில் முடிந்துவிடக் கூடாது. குறைந்தது 15 நிமிடம் ஓடட்டும். ஹீட் ஸிங்க் துடுப்புகளில் தூசி கம்பளிபோல் அடைத்து, தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்துபோன லேப்டாப் முதலில் ஒழுங்காகவே ஓடும். சூடேறியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் கிளாக் வேகம் அடிப்படை அளவுக்கும் கீழே இறங்குவது கண்ணெதிரே தெரியும். அப்போது தேவை புளோயரும் கொஞ்சம் பேஸ்ட்டும்தான்.

கேமராவைப் பற்றி நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. சுருக்காத 720பி படம் 30 ஃபிரேமில் நொடிக்குச் சுமார் 442 மெகாபிட். யுஎஸ்பி 2.0-இன் ஏட்டளவு வேகமே 480. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. அதனால் கேமரா எம்ஜேபெக் ஆகச் சுருக்கி அனுப்புகிறது, அதை விரிப்பதும் பிராசஸரின் தலையில் விழுகிறது. எச்டியை அணைத்து 640க்கு 480-க்கு இறக்கினால் 147 மெகாபிட்தான். முதியவர் முகம் பார்த்துப் பேச அது போதும். இன்னொன்று வெளிச்சம். அறை இருட்டாக இருந்தால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்கும். 30 ஃபிரேம் 15 ஆகிவிடும். இருட்டுப் படத்தின் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் சுருக்குவதும் கடினம். டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

நெட் விஷயம் சுருக்கமே: முடிந்தால் லேன் கேபிள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத மூன்றே சேனல்கள் கொண்ட 2.4-ஐ நம்பவேண்டாம்.

எல்லா மெஷினையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும், ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுக்கலாம், அல்லது பணத்தை மிச்சம் பிடித்து வேறு மெஷின் பார்க்கச் சொல்லலாம். அதை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீடியோ கால் புகாரோடு வரும் மெஷினின் ஜாப் கார்டில், 15 நிமிடக் காலுக்குப் பின் சிபியு எத்தனை சதவீதம், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று வேலைக்கு முன்னும் பின்னும் எழுதுங்கள். பில்லோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.