ஸோபாவில் நகச்சாயக் கறை

வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறதென்றால் பெண் குழந்தைகளின் உற்சாகம் நகச்சாயப் புட்டியோடு ஆரம்பமாகிறது. கூடத்து ஸோபாவில் அமர்ந்து ஒருத்திக்கொருத்தி பூசி விடுகிறார்கள். புட்டி கவிழ்கிறது. உடனே யாராவது ஈரத் துணியுடன் ஓடிவந்து பரபரவென்று தேய்க்க, விரலளவு கறை கையகலமாகிறது. சேதத்தில் பாதி சாயத்தினால் வந்ததன்று, அவசரத்தினால் வந்ததே.

ஜலத்துக்கு இக்கறை ஏன் மசிவதில்லை? நகச்சாயத்தில் பெரும்பாலும் ஆதாரமாயுள்ள வஸ்து நைட்ரோ ஸெல்லுலோஸ். 1846-இல் ஷோன்பைன் என்னும் ரஸாயன நிபுணர் வெளியிட்ட வெடிப் பஞ்சுக்கு அது நெருங்கிய உறவு. ஈதைல் அஸிடேட், பியூடைல் அஸிடேட் முதலிய திரவங்களில் அதைக் கரைத்து வர்ணம் சேர்க்கிறார்கள். திரவம் ஆவியாய்ப் போனதும் எஞ்சுவது மெல்லிய படலம். அது ஜலத்தில் கரையாது, அஸிடோனில் கரையும்.

ஆனால் அஸிடோனுக்குக் கறையென்றும் துணியென்றும் பேதமில்லை. பருத்தி நூல் அதைத் தாங்கும். அஸிடேட் ரேயான் என்னும் செயற்கைப் பட்டோ கரைந்து, கறையிருந்த இடத்தில் ஓட்டைதான் நிற்கும். ரெக்ஸின், தோல், மரச்சட்டத்தின் மெருகு ஆகியவற்றுக்கும் அது சத்துரு. ஆகையால் முதலில் பரீட்சை செய்யவேண்டும். ஸோபாவின் அடியில் மடித்துவிட்ட துணியோரத்திலிருந்து பாவு நூல் ஒன்றும் ஊடு நூல் ஒன்றும் உருவி, அஸிடோனில் நனைத்து நெருடிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அதை உபயோகிக்கவே கூடாது. உறுதியாயிருந்தால், மறைவான ஓரிடத்தில் ஒற்றி, துணியின் நிறம் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் காரியத்துக்கு வருவோம். சாயம் ஈரமாயிருந்தால் கரண்டி விளிம்பினால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தெடுங்கள். பிறகு வெள்ளைத் துணியொன்றில் நிறமற்ற அஸிடோனைச் சில துளிகள் விட்டு, கறையின்மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஸோபாவின்மேல் நேரே ஊற்றினால் கரைந்த சாயம் உள்ளே இறங்கும். உள்ளிருக்கும் நுரை மெத்தையும் பசையும் கெடும். கறை நீங்கியபின், ஸோப்பு ஜலத்தில் நனைத்துப் பிழிந்த துணியாலும், பிறகு வெறும் ஜலத்தில் நனைத்துப் பிழிந்த துணியாலும் ஒற்றிக் காற்றில் உலரவிடுங்கள்.

அஸிடோன் பரீட்சையில் தேறாத துணியானால், சாயம் நன்கு உலர்ந்தபின் மேற்படலத்தை மட்டும் மெதுவாகச் சுரண்டியெடுத்து, மிச்சத்தைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. அஸிடோனின் ஆவி மார்கழிக் குளிரிலும் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு பரவிச் சென்று, சற்றுத் தூரத்திலுள்ள நெருப்பையும் எட்டும். பூஜை விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் அருகில் எரியக் கூடாது. ஜன்னல்களைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். ஒற்றிய துணிகளையும் வெளியில் உலர்த்திய பின்பே எறியுங்கள்.

கறைபட்ட ஸோபாவுக்கு ஓர் உறை தைத்துப் போட்டுவிடலாம். அதற்காகக் குழந்தைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறை தரையில் பழைய பத்திரிகையை விரித்து, அங்கே உட்கார்ந்து பூசிக்கொள்ளச் சொல்லுங்கள்.