தோரா வேறு, திரு வேறு



இந்த வாரம் மட்டும் நாலு பேர் அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டீர்கள். யூதர்களின் புனித நூலான 'தோரா'வின் பெயர் நம்முடைய 'திரு'விலிருந்து பிறந்ததாம்! அனுப்பியவர்களில் ஒருவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இன்று அவனே ஆசிரியர். வகுப்பிலும் சொன்னானாம். அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

காதுக்கு ஒன்றுபோலக் கேட்டால் உறவாகிவிடுமா? எபிரேயத்தில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்யெழுத்துதான் வேர். தோராவின் வேர் ய-ர-ஹ. முன்னால் நிற்கும் 'த' வேரில் கிடையாது; பெயர்ச்சொல் ஆக்கச் சேர்த்த ஒட்டு. 'தல்மூத்' என்ற அவர்களுடைய இன்னொரு நூலின் பெயரிலும் அப்படித்தான். அதன் வேர் ல-ம-த, கற்றல். 'படிப்பு' என்பதன் கடைசி 'பு'வைப் பிடித்துக்கொண்டு அது 'புல்'லுக்குப் பங்காளி என்று ஒருவன் சொன்னால் சிரிப்பீர்களா, மாட்டீர்களா?

ய-ர-ஹ என்றால் வழிகாட்டுதல், கற்பித்தல். எபிரேயத்தில் ஆசிரியரை 'மோரே' என்பார்கள். அதுவும் இதே வேர்தான். இதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நீதிமொழிகள் முதல் அதிகாரத்தில் தாய் மகனுக்குச் சொல்லும் புத்திமதிக்கும் மூலத்தில் 'தோரா' என்ற சொல்தான். பழைய தமிழ் பைபிளில் அங்கே 'போதகம்' என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். மற்றப் பல இடங்களில்தான் 'நியாயப்பிரமாணம்'. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்குப் பெயர்த்தவர்கள் 'நோமோஸ்', அதாவது சட்டம், என்று எழுதினார்கள். அம்மா சொன்ன புத்தி கோர்ட்டுக் கட்டளை மாதிரி ஆகிப்போனது அப்போதிருந்துதான். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

தமிழுக்குப் பெருமைதானே வேண்டும்? நம்ம இளையரசனேந்தல் கரிசக்காட்டில் மயில் மேய்வதைப் பார்த்திருக்கிறீர்கள். சாலொமோன் ராஜாவின் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரேய பைபிளில் 'துக்கி' என்று பெயர். அது நம் 'தோகை' என்று இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் காட்டினார். அறிஞர்கள் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். பொருளும் கப்பலோடு சரக்கும் சாட்சியாக இருக்கிறபோது சொல்லுங்கள், நானும் கைதட்டுகிறேன்.

தம்பி, நாளைக் காலை முதல் வேலையாகப் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிவிடு. வெட்கப்படாதே. நானும் கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டு, மறுநாள் உங்கள் முன்னாலேயே அழித்து எழுதியவன்தான்.