பார்ப்பதா, பழகுவதா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

விலங்கியல் படிக்கும் மாணவன் ஒருவன், வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலே நின்றுகொண்டு ஒரு புழுவைக் கண்டு முகம் சுளித்தான் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அந்த மாணவன் வேறு யாருமல்லன்; இக்கட்டுரையை எழுதும் நானே.

சென்ற பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து என் அக்காள் தன் மகனோடு வந்திருந்தாள். அவனுக்கு நான்கு வயது. காணும் பொங்கலன்று அவனை எங்காவது அழைத்துப் போக வேண்டுமே! திருவரங்கத்தை அடுத்த மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். துறையூரில் பேருந்து ஏறி, சத்திரத்தில் இறங்கி, வேறு பேருந்து பிடித்து, கூட்டத்தில் நசுங்கிப் போய்ச் சேருவதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. உள்ளே நுழைந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. பாதையோரத்தில் ஓர் எருக்கஞ்செடியின் முன்னால் பையன் குந்திவிட்டான்.

"மாமா, இங்க பாரேன்! கோடு போட்ட புழு! இலையத் திங்குது!"

"சீ, புழு! தொடாதே, அரிக்கும். வா, அங்கே பெரிய பூச்சியெல்லாம் பறக்குது பார்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவன் வரவில்லை. தூக்கிக்கொண்டு நடந்தேன். அழுதான். ஐஸ் வாங்கிக் கொடுத்தோம். கைப்பேசியில் நாலு படம் எடுத்தோம். மாலையில் ஊர் திரும்பினோம். "பார்க்குல என்னடா பார்த்தே?" என்று வீட்டில் கேட்டபோது அவன் தயங்காமல், "புழு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட அந்தப் புழு, வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எருக்கம்பாலில் உள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. பறவைகள் அதைத் தின்ன அஞ்சுகின்றன. நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண் பூச்சி, இதனைப் போலவே வேடம் பூண்டு உயிர் பிழைக்கிறது. இவ்வளவையும் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அந்தப் புழு அரிப்பதும் இல்லை. தாளில் எழுதியதைக் கண்ணெதிரே கண்டபோது "சீ" என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளை, பூங்காவின் உயிர்நாடி எதுவோ அதன் முன்னால் உட்கார்ந்தது. படித்த மாமன் அதனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இதற்குப் பெயர்தான் குழந்தைக்கு உயிரினங்களைக் காட்டுவதா?

கூண்டு மாறியது, கண் மாறவில்லை

மனிதன் விலங்குகளைக் கூட்டிவைத்துப் பார்க்கும் வழக்கம் புதியதன்று. சென்னையில் 1855ஆம் ஆண்டிலேயே எட்வர்டு பால்ஃபர் என்பவர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் விலங்குகளைத் திரட்டி ஓர் உயிரியல் பூங்காவுக்கு வித்திட்டார். பின்னர் அது நகரின் நடுவே மக்கள் பூங்காவில் நெடுங்காலம் இருந்து, 1985இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்தது. இன்று 602 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது. கம்பிக் கூண்டுக்குப் பதிலாக அகழி வெட்டி, விலங்கைத் திறந்த வெளியில் உலவவிடும் முறையை 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் செய்து காட்டினார். அம்முறையே உலகெங்கும் பரவியது.

விலங்குக்காகக் கூண்டு மாறிவிட்டது. பார்க்க வருபவரின் கண் மாறியதா? படுத்திருக்கும் புலியை எழுப்பச் சீழ்க்கை அடிக்கிறோம். "ஏய், எழுந்திரு! குழந்தை பார்க்கணும்" என்று சிங்கத்துக்கு ஆணையிடுகிறோம். குரங்கைக் கண்டால் கையிலிருக்கும் முறுக்கை வீசுகிறோம். உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவதும், அதற்குத் தீனி போடுவதும், கூச்சலிட்டுத் தொல்லை தருவதும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் அறியாத தந்தை செய்வதைப் பார்த்துத்தானே பிள்ளை கற்கிறது? பிள்ளைக்கு நாம் காட்ட நினைத்தது புலியை. அது கற்றுக்கொண்டதோ, தன்னினும் எளிய நிலையில் உள்ள உயிரை அதட்டும் பழக்கத்தை!

மேலூர்ப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 25 ஏக்கரில் வனத்துறையின் பொறுப்பில் 2015இல் திறக்கப்பட்டது அது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் அங்கே காணப்பட்டிருக்கின்றன. அவற்றை வரவழைத்த மந்திரம் எது? செடிதான். தேனுக்கு ஒரு செடி. முட்டையிட ஒரு செடி. எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருந்தால் அவற்றை நாடும் இனங்கள் வரும். ஆடுதின்னாப்பாளை இருந்தால் சிவப்பு உடல் கொண்ட அழகிகள் வருவார்கள். ஆகவே அங்கே காண வேண்டியது பறக்கும் சிறகை மட்டுமன்று, இலையின் அடிப்புறத்தை. இலையின் அடிப்புறம் யார் கண்ணுக்கு எளிதில் எட்டும்? ஐந்தரை அடி உயரத்தில் நிற்கும் நமக்கா, மூன்றடி உயரத்தில் நிற்கும் குழந்தைக்கா?

குழந்தை சிறியதைப் பார்க்கிறது, அருகில் உள்ளதைப் பார்க்கிறது, நெடுநேரம் பார்க்கிறது. நாமோ பெரியதைத் தேடுகிறோம், தொலைவில் உள்ளதைக் காட்டுகிறோம், விரைவாக முடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறோம். கட்டணம் கட்டிவிட்டோமே, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா என்னும் அவசரம் நமக்கு.

கொட்டிலை மறைத்தவன்

பூங்காவுக்குச் சென்றதற்கு முதல் நாள் மாட்டுப் பொங்கல். எங்கள் வீட்டில் ஒரு பசுவும் ஐந்து வெள்ளாடுகளும் உண்டு. கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை கட்டி, பொங்கல் வைத்துப் படைத்தோம். பையன் கொட்டிலுக்குள் போகத் துடித்தான். "புதுச் சட்டை அழுக்காகும்" என்று தடுத்தவனும் நான்தான்.

உண்மையைச் சொல்லி விடுகிறேன். சட்டைக்காக மட்டும் நான் தடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் நண்பர்கள் இருவர் வீட்டுக்கு வந்தபோது, கொட்டில் கண்ணில் படாதபடி அவர்களைத் திண்ணையிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பினேன். சாண வாடை வருகிறதோ என்று எனக்குள் ஒரு கூச்சம். அவர்கள் போன பிறகு அம்மா தழை கட்டிக்கொண்டே சொன்னார்: "ஆட்டை வித்துத்தானேடா உனக்குப் பணம் கட்டினோம். அது என்னத்துக்கு ஒளிஞ்சு நிக்கணும்?" என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். ஒருபுறம் பச்சைமலை, மறுபுறம் கொல்லிமலை, இடையில் வயலும் கொட்டிலுமாக வளர்ந்தவர்கள். ஒட்டகச்சிவிங்கியின் படத்தைக் காட்டினால் நம் வீட்டுப் பிள்ளைகள் உடனே பெயர் சொல்லுகின்றன. 'திருச்சிக் கருப்பு' என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய செம்மறி இனம் ஒன்று உண்டு. அதை எத்தனை பிள்ளைகள் அறியும்? எத்தனை மாணவர்கள் அறிவோம்? கட்டணம் கட்டிப் பார்க்கும் விலங்குக்கு மதிப்பு. கட்டுத்தறியில் நிற்கும் விலங்குக்கு வெட்கம் என்றால் நாம் படித்த படிப்பு எதற்கு?

பூங்கா சென்று வந்த மறுநாள் காலையில் பையனைக் காணவில்லை. தேடினால் கொட்டிலில் அம்மாவோடு இருந்தான். "அம்மாயி, ஆட்டுக்கு மேல் பல்லு ஏன் இல்ல? விழுந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா ஆட்டின் உதட்டை மெல்ல விலக்கி, முன்புறம் மேலே பல்லுக்குப் பதில் கெட்டியான ஈறு இருப்பதைக் காட்டினார். "வெடுக்குனு கடிச்சு முழுங்கிரும். அப்புறமா படுத்துக்கிட்டு அசை போடும். அசை போடலேன்னா அதுக்கு ஒடம்புக்கு ஆகலேன்னு அர்த்தம்" என்றார். அசைபோடும் விலங்கின் நான்கு அறை வயிற்றைப் படம் வரைந்து பாகம் குறித்தவன் நான். ஆனால் ஓர் ஆடு நலமாக இருக்கிறதா என்று அதன் தாடையைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அன்று முதல் என் மருமகனுக்கும் தெரியும்.

பாசம் போதாது, பக்குவமும் வேண்டும்

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் கொட்டிலுக்குள் அவிழ்த்துவிடலாமா என்று சிலர் கேட்கலாம். கூடாது. ஆடு மாடுகளின் சாணத்தில், அவற்றுக்குத் தீங்கு செய்யாமல், மனிதரைத் தாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். 2009இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் காட்ஸ்டோன் என்னும் பண்ணைக்குச் சென்று வந்தவர்களிடையே ஈ-கோலை வகைக் கிருமி ஒன்று பரவி 93 பேர் நோயுற்றனர். அவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். இக்கிருமி ஐந்து வயதுக்குட்பட்டோரின் சிறுநீரகத்தையே பழுதாக்க வல்லது. வளர்ந்த நாட்டில் நேர்ந்தது நம் ஊரில் நேராது என்பதற்கு என்ன உறுதி?

இதற்கு மருந்து அச்சமன்று, ஒழுங்கு. விலங்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கழுவ வேண்டும். கழுவும்வரை விரலை வாயில் வைக்கக் கூடாது. கொட்டிலில் நின்று தின்பண்டம் தின்னக் கூடாது. ஈன்ற தாயின் அருகே குழந்தையை விடக் கூடாது. பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். விலங்கு விலகிப் போனால் பின்தொடரக் கூடாது. இந்தக் கடைசிப் பாடம் மிக முக்கியமானது. "அதற்கு இப்போது விருப்பமில்லை, விட்டுவிடு" என்று ஒரு குழந்தை கற்றுக்கொண்டால், அது ஆட்டிடம் மட்டுமா அப்படி நடந்துகொள்ளும்? நாளை மனிதரிடமும் நடந்துகொள்ளும்.

"நகரத்துப் பிள்ளைக்குக் கொட்டில் ஏது? பூங்காதானே கதி?" என்பது மற்றொரு கேள்வி. நியாயமான கேள்விதான். பூங்காவே வேண்டாம் என்பது என் கட்சியன்று. பத்து விலங்கை ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றை உட்கார்ந்து பார்ப்பது மேல் என்பதே என் கட்சி. இன்று பல ஊர்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பண்ணையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்லதே. ஆனால் அங்கே மாடு மேய்ப்பவர் ஓரமாகக் கைகட்டி நிற்க, வேறொருவர் விளக்கம் சொல்லுவது என்ன முறை? மேய்ப்பவரே பேசட்டும். குழந்தை அவரைத்தான் ஆசிரியர் என்று கண்டுகொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது: விடுமுறை நாட்களில் வனத்துறையின் இசைவு பெற்று, விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் நாலைந்து பேர் முறைவைத்து மேலூர்ப் பூங்காவில் நின்று, வரும் குடும்பங்களுக்கு இலையின் அடிப்புறத்தைக் காட்டலாம். முட்டையையும் புழுவையும் கூட்டுப்புழுவையும் காட்டலாம். செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. என்னைப் போன்ற மாமன்மார்கள் தூக்கிக்கொண்டு ஓடும் குழந்தைகளில் சிலவாவது இறங்கி நின்று பார்க்கும்.

இரண்டாவது: துறையூரைச் சுற்றியுள்ள அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பருவத்துக்கு ஒரு நாள், நம் மாணவர் ஒருவரின் வீட்டுக் கொட்டிலுக்கு ஆசிரியர் துணையோடு அழைத்துச் செல்லலாம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவளை, ஒரு சோப்பு, பொறுமையுள்ள ஒரு பசு, வேறென்ன வேண்டும்? விளக்கம் சொல்ல அந்த வீட்டுத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். நாம் அருகில் நின்று குறிப்பெடுத்துக்கொள்வோம்.

"கொட்டிலிலிருந்து வெளியேறத்தானே படிக்க வந்தோம், மறுபடியும் அங்கேயா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வறுமையிலிருந்து வெளியேற வந்தோம் என்பது உண்மை. அறிவிலிருந்து வெளியேற வரவில்லையே!

முதல் நிகழ்ச்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கொட்டில் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "வரட்டும், ஆனா ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டு ஓடக் கூடாது" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இம்முறை நண்பர்களைத் திண்ணையில் உட்காரவைக்க மாட்டேன்.