குடலில் குடியிருப்போரைக் கொல்லலாமா?

தடிமன் பிடித்தவுடன் மருந்துக் கடைக்குச் சென்று நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கம் நம்மவர் பலரிடம் ஊறிப்போயுள்ளது. தடிமனோ வைரஸினால் வருவது. அம்மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. அடிபடுபவை நமது குடலில் வாழும் பற்றீரியாக்களே.

அவை சும்மா இருந்து உண்பவை அல்ல. கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கும் பித்த அமிலங்களில் ஒரு பகுதியை, குளொஸ்ரிடியம் சிண்டென்ஸ் என்னும் பற்றீரியா டிஒக்சிகோலிக் அமிலம் போன்றவையாக மாற்றுகிறது. கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சி. டிபிசில் என்ற கிருமியின் வளர்ச்சியை அவ்வமிலங்கள் ஒடுக்குகின்றன. எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2015இல் இதனைக் காட்டியது. பித்தம் நம்முடையது, அதை ஆயுதமாக்குவது அந்த நுண்ணங்கி. காவலாளியைக் கொன்றால் கள்வனுக்குக் கதவு திறந்ததுதானே?

இழந்த காவலைத் திருப்பியளித்தால் என்ன நிகழும் என்பதற்கு 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு சான்று. இக்கிருமியால் மீண்டும் மீண்டும் பீடிக்கப்பட்டோரில், வன்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேரே குணமடைந்தனர். நலமுள்ளோரின் மலக்கரைசல் குடலுக்குள் செலுத்தப்பட்ட 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமடைந்தனர். அருவருப்போர் அருவருக்கட்டும், உண்மை அதுவே.

நுண்ணுயிர்க்கொல்லி உயிர் காக்கும் மருந்து என்பதில் ஐயமில்லை. வைத்தியர் தந்தால் அவர் சொன்னபடி உட்கொள்ளுங்கள். ஆனால் நாமே வைத்தியராகி, மூக்கு ஒழுகுவதற்கெல்லாம் அதை விழுங்குவது நமது காவலரை நாமே சுடுவதற்கு ஒப்பாகும்.