எத்தனை சாட்சிகள்?



கூடத்தில் எந்தச் செய்தி அலைவரிசை ஓடுகிறது என்று பார்த்தாலே அந்த வீட்டாரின் வாக்கு எந்தச் சின்னத்துக்கு என்று தெரிந்துவிடும் என மூத்த போதகர் ஒருவர் பகடியாகச் சொல்வதுண்டு. நான் முன்பு ஊழியம் செய்த சபையில் அது பகடியாக இருக்கவில்லை. தேர்தல் கூட்டமொன்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் குறித்து உடன்பிறந்தார் இருவர் வாக்குவாதப்பட்டு, பல வாரங்கள் பேசாதிருந்தார்கள். ஒருவர் பார்த்த அலைவரிசையில் மைதானம் நிரம்பி வழிந்தது. மற்றவர் பார்த்ததில் வெறும் நாற்காலிகள். இருவரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் நேரில் காணாத ஒன்றுக்கு இருவரும் சாட்சி சொன்னார்கள்.

ஒரே சாட்சியின் வாய்ச்சொல்லைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். நமக்கோ இன்று சாட்சிகளுக்குக் குறைவில்லை என்று தோன்றுகிறது. ரிமோட்டை அழுத்த அழுத்த ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஆனால் அவர்கள் யாருடையவர்கள்?

1993இல் சன் தொலைக்காட்சியைத் தொடங்கிய கலாநிதி மாறன், தி.மு.க. தலைவர் மு. கருணாநிதியின் சகோதரிக்குப் பேரன். 1999இல் அ.தி.மு.க.வின் குரலாக ஜெயா தொலைக்காட்சி வந்தது. 2007 மே மாதத்தில், மாறன் குழுமத்தின் தினகரன் நாளிதழ் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று கருத்துக்கணிப்பு வெளியிட்டது. மதுரையில் அதன் அலுவலகம் தீக்கிரையாகி, ஊழியர் 3 பேர் மாண்டனர். குடும்பம் பிளவுபட்டது, அவ்வாண்டு செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. மறு ஆண்டின் இறுதியில் குடும்பம் ஒன்றுபட்டது. அலைவரிசைகள் இரண்டாகவே நின்றன; சாட்சிகளும் இரண்டாக நின்றார்களா? அந்த மூவரின் வீட்டாரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

டெல்லியிலும் இதுவே, கட்சியின் இடத்தில் பெருவணிகம். 2014இல் நெட்வொர்க் 18 ரிலையன்ஸ் வசமாயிற்று. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. செய்தி வீட்டுக்கு வரும் கம்பியையும் மறக்கவேண்டாம்: ஒரு காலத்தில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள், 2011க்குப் பின் மாநில ஆட்சியின் கையிலேயே இருக்கிற அரசு கேபிள்.

அரசியல் கட்சிகளும் அரசுகளும் ஒளிபரப்பில் இறங்கலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டிலும் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. அதே பட்டியலில் மத நிறுவனங்களும் உண்டு! கிறிஸ்தவ அலைவரிசைகளை விரும்பிப் பார்க்கும் நமக்கு அது கசக்கலாம். ஆனால் கட்சிகளுக்கு ஆகாதது நமக்கு மட்டும் ஆகும் என்று வாதாட எனக்கு நா எழவில்லை.

ஆகையால் அலைவரிசைகளை எண்ணாதேயுங்கள், உரிமையாளர்களை எண்ணுங்கள். சன் நியூஸ் சொன்னதையே தினகரனும் எழுதினால் அது இரண்டாம் சாட்சியல்ல. சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைக் குறித்து ஏதேனும் அனுப்புமுன், வேறொரு முதலாளியின் கீழுள்ளவரும் அதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் ஒருநாள் பொறுத்திருங்கள்.

அந்தச் சகோதரர் இருவரையும் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: ஒரு வாரம் இரவுச் செய்தியை ஒருவர் மற்றவர் வீட்டில் போய்ப் பார்க்கவேண்டும். மூன்றாம் நாளே அலைவரிசையைக் குறித்துச் சண்டை வந்ததாம். ஆனால் அண்ணன் அன்றிரவு தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.